டாக்டர் கை அளவு

ஆறாம் நம்பர் கிளவுஸ் வலது கையில் ஏறவில்லை. இடது கையில் எப்போதும்போல வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வலது கையில் மட்டும் விரல்களின் பாதியிலேயே நின்றது. இழுத்தபோது கட்டைவிரல் ஓரம் கிழிந்தது. டாக்டர் நாஜியா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று கேட்டாள். அதுவும் கிழிந்தது.

"இந்த லாட்டே சரியில்ல போல, டாக்டர்," என்றாள் தியேட்டர் நர்ஸ் மெர்சி. சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே, கீழ்த்தட்டிலிருந்து ஏழரை நம்பர் பாக்கெட் ஒன்றைப் பிரித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஏழரை போட்டவர் ஒருவர்தான், டாக்டர் ஜெயராஜ். அவர் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பாக்கெட்டுகள் மட்டும் தீராமல் கிடந்தன. நாஜியா அதற்குள் வலது கையை விட்டாள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பொருந்தியது.

வீக்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலை அதிகம், கை வீங்கியிருக்கிறது. நாஜியா கெட்டிக்காரி. தனக்குப் பிடிக்காத எதற்கும் ஒரு நோயின் பெயர் வைத்து மூடிவிடுவாள்.

கும்மிடிப்பூண்டியில் பெரிய சாலையை ஒட்டி நிற்கும் மூன்று மாடி ஆஸ்பத்திரி அது. இரும்பு உருக்கும் ஆலைகளிலிருந்து வரும் கருந்தூள் எத்தனை துடைத்தாலும் ஜன்னல் விளிம்பில் படிந்துகொண்டே இருக்கும். ஆந்திராவுக்குப் போகிற லாரிகள் கடக்கும்போதெல்லாம் தியேட்டரின் கண்ணாடி அலமாரிக்குள் கருவிகள் மெல்லக் கிலுகிலுக்கும். நாஜியா அங்கே வந்தது 2001இல். ஐந்து வருஷம் ஜெயராஜுக்குக் கேமரா பிடித்தாள். வயிற்றில் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆறடி ஆள். ஆபரேஷனில் ஒரு வார்த்தை பேசமாட்டார். கையை நீட்டி விரலால் காட்டுவார்; விரலைப் பார்த்துக் கருவியைத் தர வேண்டும். கேமரா நூலளவு ஆடினாலும் கையிலிருக்கும் இரும்பால் விரல் முட்டியில் ஒரு தட்டு. மழைக்காலத்தில் நாஜியாவின் இடது முட்டிகள் இன்னும் வலிக்கின்றன.

வெளியே இருப்பவர்களுக்கு அது சுலபமான வேலையாகத் தெரியும். நாலு சின்னத் துளை, ஒரு கேமரா, ஒரு டி.வி. நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும் அதன் கொடுமை. முழ நீளக் கம்பிகளைத் துளை வழியே விட்டு, முழங்கையைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். துளைதான் அச்சு. வெளியே கை இடது பக்கம் போனால், உள்ளே முனை வலது பக்கம் போகும். வெளியே ஒரு மயிரிழை நடுங்கினால் உள்ளே அது கண்ணுக்குத் தெரியும் நடுக்கம். நாஜியா ஐந்தடிக்கும் குறைவு. மேஜையை எவ்வளவு இறக்கினாலும் அவளுக்கு உயரம்தான். பலகை போட்டு நிற்பாள். கருவிகளின் கைப்பிடி ஆண்களின் உள்ளங்கைக்குச் செய்தது. நாலு விரல் சேர்த்து அழுத்தினால்தான் அவளுக்கு மூடும். ஜெயராஜின் இடத்துக்கு வந்த மூன்றாம் மாதமே அவள் வலது தோளில் வலி இறங்கியது. அப்புறம் விரல் நடுங்கியது.

இந்த ஊரில் டாக்டரின் படிப்பை யாரும் பார்ப்பதில்லை, கைராசியைத்தான் பார்ப்பார்கள். கை நடுங்குகிறது என்ற பேச்சு ரயில்வே கேட் டீக்கடையில் ஒரு தடவை விழுந்தால், சாயங்காலத்துக்குள் பழவேற்காடு வரை போய்விடும். பழவேற்காட்டில்தான் நாஜியாவின் வீடு. கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பத்தில் முதல் டாக்டர் அவள். அந்தக் கை போனால் அவளிடம் வேறு எதுவும் கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

அதனால்தான் கை ஸ்டாண்டு வாங்கினாள். மேஜை ஓரக் கம்பியில் மாட்டுகிற இரும்புத் தாங்கி. முன்கையை அதன் குழிவில் வைத்தால் தோளுக்குப் பாரம் இருக்காது. ஜெயராஜுக்கு அப்படி ஒன்று இருந்தது. அவர் செத்ததும் மகன் எடைக்குப் போட்டுவிட்டான். அதைச் செய்த காக்களூர் பிட்டர் வரதனுக்கு மெர்சி போன் பண்ணிச் சொன்னாள். பத்து நாளில் பெட்டி வந்தது.

முதல் நாள் அதில் கை வைத்தபோது குழிவு கொஞ்சம் நீளமாகத் தோன்றியது. ரெக்சினும் கிரீஸும் கலந்த வாசனை அடித்தது. கவுனைத் தாண்டி இரும்பின் குளிர்ச்சி முழங்கைக்குள் இறங்கியது. பழகிவிடும் என்று நினைத்தாள். ஒரே வாரத்தில் நீளம் சரியாகப் பொருந்திவிட்டது. குழிவுதான் கைக்கு ஏற்றபடி அமுங்கியிருக்கும் என்று நினைத்தாளே தவிர, வேறெதையும் நினைக்கவில்லை. நடுக்கம் நின்றது. நாற்பத்திரண்டு ஆபரேஷன், ஒருவருக்கும் ஒரு கரண்டி ரத்தம் வீணாகவில்லை. பழைய டாக்டரின் ராசி இந்த டாக்டர் கைக்கு வந்துவிட்டது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

கிளவுஸ் கிழிந்தது அதற்குப் பிறகு.

அடுத்து சட்டைக் கை. முழுக்கைச் சுடிதாரில் இடது கை மணிக்கட்டு வரை மூடியது. வலது கை இரண்டு விரல் அகலம் வெளியே தெரிந்தது. துவைத்ததில் சுருங்கியது என்றாள், ஒரு பக்கம் மட்டும் சுருங்குகிற துணி உண்டா என்று யோசிக்காமல். அதற்கடுத்த திங்கட்கிழமை, ஓர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனின் நடுவில், கத்தரி கேட்க அவள் வாயைத் திறக்கும் முன்பே வலது கை நீண்டு இரண்டு விரலை விரித்து மூடியது. மெர்சி டக்கென்று கத்தரியை வைத்தாள். வைத்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாஸ்குக்கு மேலே மெர்சியின் கண் மட்டும் தெரிந்தது.

"நான் கேட்டனா?"

"கை கேட்டுச்சு, டாக்டர்," என்றாள் மெர்சி. "அவர் அப்படித்தான் பழக்கி வச்சாரு. வாயப் பாக்காத, கையப் பாருன்னு. பதினாலு வருசம் அப்படியே செஞ்சிக்கினு வரேன்."

மறுநாள் மெர்சி பிடித்திருந்த கேமரா லேசாக ஆடியது. நாஜியாவின் வலது கை கருவியை வெளியே உருவி, மெர்சியின் முட்டியில் தட்டிவிட்டு, மறுபடி உள்ளே போனது. ரொம்ப நிதானமாக. மெர்சி கேமராவை நேராக்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாஜியாவுக்குத் தோன்றியது. ஆனால் கேட்டால், அடித்தது தான்தான் என்று ஆகிவிடும். கேட்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கையின் நகங்கள் அகலமாக இருந்தன. விரல் மேல் நாலைந்து நரைத்த முடி. கை அவளுடையதுதான், பழைய தழும்புகூட இருந்தது. தழும்பு மட்டும் கொஞ்சம் இழுபட்டு நீண்டிருந்தது. அப்போதுதான் அவள் நிஜமாகவே பயந்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் காக்களூருக்குப் போனாள். தொழிற்பேட்டையில் லேத் ஓடும் சத்தம் காதை அடைத்தது. வரதன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இந்த ஸ்டாண்டு யார் அளவுல செஞ்சீங்க?"

"டாக்டர் அளவுலதான். டாக்டருக்கு கை ஸ்டாண்டு வேணும்னு போன் வந்திச்சு. டாக்டர் கை அளவு நம்ம செவுத்துலயே கீதே." சுவரைக் காட்டினான். பெயிண்டில் எழுதியிருந்தது: டாக்டர் கை, பத்தொன்பது அங்குலம்.

"அவர் செத்துட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இன்னா சொல்றீங்க?" வரதன் துணியைக் கீழே வைத்தான். "நம்மளுக்கு யாரும் சொல்லலியே. டாக்டரம்மாவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே வந்து உங்க கைய அளந்துக்கினு போயிருப்பேன். டாக்டர்னாங்கோ. டாக்டர்னா அவருதானே எனக்கு."

நாஜியாவுக்குப் புரிந்தது. அவள்தான் மெர்சியிடமும் ஆயாக்களிடமும் வாட்ச்மேனிடமும் கண்டித்துச் சொல்லி வைத்திருந்தாள், அவரை டாக்டர் என்கிறீர்கள், என்னை மட்டும் எதற்கு டாக்டரம்மா என்கிறீர்கள், இனிமேல் டாக்டர் என்றே சொல்லுங்கள் என்று. கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்தை மெர்சி ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டாள்.

"கைய நீட்டுங்கம்மா. உங்க அளவுக்கு வேற போட்டுத் தரேன்," என்று வரதன் டேப்பை எடுத்தான். வலது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பிடித்தான். ஒரு தடவை பார்த்தான். மறுபடி பிடித்தான். "பத்தொம்பது. கரெக்டாதானம்மா கீது. இதுல இன்னா தப்பு?"

இடது கையை அளக்க அவள் விடவில்லை.

அவள் திரும்பி வந்து தாங்கியைக் கழற்றி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் தன் இடது கையாலேயே போட்டாள். திரும்பும் வழியில் கை கழுவும் தொட்டியைக் கடந்தபோது கால் நின்றது. ஜெயராஜ் விழுந்து செத்த இடம் அது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்தது, இடது கையால் மார்பைப் பிடித்தார், வலது கையை அவள் பக்கம் நீட்டினார், பிடித்துக்கொள் என்று. அவள் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றாள். கழுவின கையால் எதையும் தொடக் கூடாது. அவர் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு விழுந்தது. அவள் மெதுவாகத்தான் ஆளைக் கூப்பிட்டாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்ததையும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கை ஷஹனாஸைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல், விலாவில் குத்து, வாந்தி. பித்தப்பையில் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கே எடுத்தாக வேண்டும். நாஜியா ஆம்புலன்ஸ் சொல்லி சென்னைக்கு அனுப்பப் பார்த்தாள்.

"நான் போமாட்டேன்," என்றாள் ஷஹனாஸ். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "ஊரே உன் கைக்கு வருது. கூடப் பொறந்தவ நான் மெட்ராசுக்குப் போனா இன்னா பேசுவாங்கோ? அவ கைய அவ தங்கச்சியே நம்பலன்னு சொல்லமாட்டாங்க?"

"அதுக்கில்ல, ஷானு. எனக்குக் கை வலி."

"இந்த வாரங்கூட ரெண்டு பேருக்குச் செஞ்சியாமே. மெர்சி அக்கா சொன்னாங்க." அவள் அக்காவின் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உம்மா உன் கைக்காகத்தான் துவா கேட்டுக்கினே கீறாங்க. நீயே செய்க்கா."

அந்த ஒரு நொடியில் நாஜியா மறுத்திருக்கலாம். கை அவள் சொன்னபடி கேட்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். கைராசியின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. தாங்கியைத்தான் தூக்கிப் போட்டாயிற்றே, இனி என்ன என்று நினைத்தாள். சரி என்றாள்.

காலை பதினொரு மணி. இந்த ஆபரேஷனுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், டி.வி. தெளிவாகத் தெரிய. ஜன்னலில் கறுப்புத் திரை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே நீல இருட்டு, ஸ்பிரிட் வாசனை, வயிற்றுக்குள் வாயு ஏறும் மெல்லிய சீறல், ஷஹனாஸின் நாடித் துடிப்பைச் சொல்லும் மிஷினின் ஒரே சீரான பீப். தலைமாட்டில் துணித் திரைக்கு அப்பால் மயக்க டாக்டர் யேசுதாஸ் சார்ட் எழுதிக்கொண்டிருந்தார். மெர்சி ஒரு கையில் கேமரா பிடித்து, மறு கையால் கருவி கொடுத்தாள். ஆளில்லாத ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான்.

திரையில் தங்கையின் உள்வயிறு விரிந்தது. மஞ்சள் கொழுப்பு, பளபளக்கும் ஈரல், வீங்கிய பித்தப்பை. தாங்கி இல்லை. நாஜியா முழங்கையைத் தூக்கினாள். வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. கை காற்றிலேயே எதன்மீதோ சாய்ந்துகொண்டது.

முப்பத்தைந்து நிமிஷம். சின்ன ரத்தக்குழாயை நெரித்து மூட ஒரு கிளிப், பித்தப்பைக் குழாய்க்கு இரண்டு. வெட்டு. தீய்ந்த கொழுப்பின் வாசனை. பித்தப்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய் தொப்புள் துளை வழியே வெளியே வந்தது. அவ்வளவு சுத்தமான வேலையை அவள் தன் வாழ்நாளில் செய்ததில்லை. கண்ணில் நீர் வந்தது.

"முடிச்சிடலாம்," என்றாள்.

இடது கை கருவியை உருவி வெளியே வந்தது. வலது கை முடிக்கவில்லை.

அது கருவியை வெளியே எடுத்து மெர்சியிடம் கொடுத்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை சேர்ந்து பிரிந்தன. கிளிப். மெர்சி கொடுத்தாள். கம்பி மறுபடி உள்ளே இறங்கியது. ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைத் தேடி, கண்டுபிடித்து, கவ்வியது. டிக்.

"மெர்சி, கிளிப் குடுக்காத."

"கேட்டீங்களே, டாக்டர்."

"நான் கேக்கல."

கை வெளியே வந்தது. மெர்சியின் முட்டியில் இரும்பால் ஒரு தட்டு. எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. மெர்சியின் கண்கள் நிரம்பின. அவள் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கிளிப் ஏற்றிக் கொடுத்தாள்.

பெரிய பித்தக்குழாய். டிக்.

நாஜியா இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து இடது பக்கம் இழுத்தாள். திரையில் முனை வலது பக்கம் பாய்ந்தது, பெரிய ரத்தநாளத்தை நோக்கி. விட்டுவிட்டாள். வெளியே மேலே தூக்கினால் உள்ளே கீழே குத்தும். நேராக உருவலாம். ஆனால் முனை எதையோ கவ்விப் பிடித்திருந்தது. உருவினால் அதுவும் கிழிந்துகொண்டு வரும். கைக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது.

குடலுக்குப் போகும் குழாய்கள். ஒவ்வொன்றாக. டிக். குடலின் ஒரு முழம் வெளுத்தது. டிக். பிறகு ஊதா நிறமானது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பீப் மாறவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்றார் யேசுதாஸ், சார்ட்டிலிருந்து தலை தூக்காமல்.

அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? என் கை என் கை இல்லை என்றா? சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும். ரயில்வே கேட். பழவேற்காடு. இனி எவனும் வரமாட்டான். அவள் யோசித்தாள். தங்கையின் குடல் கறுத்துக்கொண்டிருக்கும்போது அவள் தன் பேரைப் பற்றி யோசித்தாள்.

டிக்.

டிக்.

டிக்.

மூன்று கிளிப் நேரம்.

பிறகு டிரேயில் இருந்த கத்தியை இடது கையால் எடுத்தாள். விரல்களை மடக்கும் தசைநாண் கயிறுகள் மணிக்கட்டில் எந்த இடத்தில் ஓடுகின்றன என்று அவளுக்குத் தெரியும். அவற்றை அறுத்தால் எந்த விரலும் எதையும் பிடிக்காது. இனி ஒரு நாளும் பிடிக்காது. அழுதாள். கிளவுஸ் மேலேயே வைத்து, ஆழமாக, குறுக்கே இழுத்தாள்.

வலிக்கவில்லை.

கிளவுஸ் வாய் பிளந்தது. வெள்ளைக் கயிறுகள் அறுந்து, சுருண்டு, முன்கைக்குள் ஓடின. மறுபடி இழுத்தாள். கத்தி எலும்பில் உரசியது. வலிக்கவில்லை. வலி வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

யேசுதாஸ் எழுந்து நின்றார். சார்ட் கீழே விழுந்தது.

கை கம்பியை மெதுவாக வெளியே எடுத்தது. மணிக்கட்டிலிருந்து ரத்தம் தங்கையின் வயிற்றின் மேல் சொட்டியது. திரையில் ஊதாக் குடல், நடுவில் இன்னும் ஒரு சாண் மட்டும் இளஞ்சிவப்பு. அறுந்த கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீண்டன. துளி நடுக்கம் இல்லை. சேர்ந்தன, பிரிந்தன.

மெர்சி அந்தக் கையைப் பார்த்தாள். நாஜியாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிளிப் ஏற்றி, கைப்பிடியைத் திருப்பி, உள்ளங்கையில் வைத்தாள்.